பாட்டுக்கு நடுவே பட்டாணிக்காரி

அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில், பி. சுசீலா மூச்சு வாங்குகிற இடத்தில், ஒரு பர்மியப் பெண் "பே... பியோ..." என்று கூவுவாள். அவித்த பட்டாணி விற்கிறவள். அவள் குரல் தெருமுனைக்குப் போய்த் தேய்ந்ததும் ஒரு நாய் இரண்டு தடவை குரைக்கும். அப்புறம் சுசீலா விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார்.

நாற்பது வருஷமாக எனக்கு அந்தப் பாட்டு இப்படித்தான்.

போன வாரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காதில் இயர்போன். யாரோ ஒரு புண்ணியவான் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்து, கீறலையெல்லாம் துடைத்து, யூடியூபில் ஏற்றியிருந்த பாட்டு. வயலின் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டாவது சரணம் வந்தது, சுசீலா மூச்சு வாங்கினார், மறுபடி பாடத் தொடங்கிவிட்டார். கூவல் இல்லை. நாயும் இல்லை. வந்த தும்மல் மூக்குவரை வந்து நின்றுபோன மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்.

பாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் போய்த் தேடிக் கேட்பீர்கள். அதில் பட்டாணிக்காரி இருக்கமாட்டாள். பிறகு இவன் எழுதியது வெறும் பேச்சு என்பீர்கள்.

ரங்கூனில் தாம்வே பக்கம்தான் எங்கள் வீடு. யாங்கோன் என்றுதான் இப்போது எழுத வேண்டும், எழுதுகிறோம். வாயில் வருவது ரங்கூன். தாத்தாவுக்கு அனோரதா சாலை கடைசிவரை பிரேசர் தெருதான். "பிரேசர் தெருவுல காளி கோயில் முக்குல இறங்கிக்கோ" என்பார். கண்டக்டருக்குப் புரியாது. எங்களுக்குப் புரியும். 1964-இல் கடைகள் அரசுடைமையானபோது சொந்தக்காரர்கள் பாதிப்பேர் கப்பல் ஏறினார்கள். தாத்தா ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வார். ஒருநாள் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பார், இன்னொரு நாள் டிக்கெட் கிடைக்கவில்லை என்பார். ஒரே ஒரு தடவை, "இந்த ரேடியோவைக் கொண்டுபோக விடமாட்டேன்னுட்டான்" என்றார். அதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அது வால்வு ரேடியோ. தேக்குப் பெட்டி, முன்னால் துணி. குமிழைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே வால்வுகள் சூடேறி ஆரஞ்சு நிறமாக ஒளிர ஒரு நிமிஷமாவது வேண்டும். அதுவரை தாத்தா கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்பார். கோயிலில் திரை விலகக் காத்திருக்கிறவர் மாதிரி. பிறகு ஒரு சீழ்க்கை, ஒரு இரைச்சல், சீனமொழியில் ஒரு செய்தி, அதைத் தாண்டி முள்ளை மயிரிழை நகர்த்தினால் இலங்கை வானொலி.

கொழும்புக்கும் ரங்கூனுக்கும் ஏறக்குறைய 2000 கிலோமீட்டர். நடுவில் வங்கக் கடல். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருகிறது, அந்த அடுக்கு ஒரு நிலையில் நிற்பதில்லை, அதனால்தான் குரல் ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் பின்னால் படித்தது. சின்ன வயதில் நான் நம்பியது வேறு. பாட்டு கப்பலில் வருகிறது, அலை உயரும்போது கேட்கிறது, தாழும்போது தாழ்கிறது. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவார். பாதிப் பேச்சு கடலுக்குள் போய்விடும். மீதியை வைத்து நாங்கள் ஊகித்துக்கொள்வோம்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. அறிவிப்பாளர் "நேரம் சரியாக ஆறு மணி" என்பார். சுவரில் எங்கள் கடிகாரம் ஏழு காட்டும். பர்மா நேரம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரு மணி நேரம் முன்னால். தாத்தா ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்து, "அவுங்களுக்கு ஆறு" என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைக் கேட்கவே தொடங்குவார். தமிழ் பேசுகிற ஊர்கள் எல்லாம் எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கின்றன என்று எனக்கு ஒரே பெருமை. தமிழ்ப் படங்கள் எங்களிடம் வந்துசேர ஐந்து வருஷம், ஆறு வருஷம் ஆகும் என்கிற கணக்கை அந்த வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பாட்டைப் பிடித்துவைக்கிற ஆசை அப்பாவுக்கு. கப்பலில் வேலை பார்த்த மாமா ஒரு தடவை வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டரை விட்டுவிட்டுப் போனார். செங்கல்லைப் படுக்கவைத்த மாதிரி தட்டையாக இருக்கும். ஒரே ஒரு ஸ்பீக்கர், ஒரு ஓரத்தில் பொத்தல் பொத்தலாக மைக், பியானோக் கட்டை மாதிரி ஐந்து பட்டன். ரேடியோ கிடையாது. அதனால் ரேடியோவில் வருவதை நேராக உள்ளே வாங்க வழியில்லை. ரேடியோவுக்கு முன்னால் இதை வைத்து, காற்றிலே வருகிற சத்தத்தை இது வாயைத் திறந்து குடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதிவு என்றால் வீட்டில் ஒரு சடங்கு. ரேடியோவுக்கு எதிரே ஸ்டூல். ஸ்டூல் மேல் அப்பாவின் பழைய லோஞ்சியை, பர்மியக் கைலியை, நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ரிக்கார்டர். மரத்தின் அதிர்ச்சி ஏறக்கூடாதாம். அம்மா அம்மியை நிறுத்திவிட வேண்டும். தங்கச்சிக்கு வாயில் பனைவெல்லம். தாத்தா இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் போய் இருமிவிட்டு வர வேண்டும். சொந்த ரேடியோவைக் கேட்க அவருக்கே இத்தனை கட்டுப்பாடு. அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்லி முடிக்கிற நேரம் பார்த்து அப்பா இரண்டு விரலால் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்துவார். சிவப்புப் பட்டன் மட்டும் கீழே போய் மற்றது போகாவிட்டால் தீர்ந்தது.

வீட்டுக்குள்ளே எல்லாரையும் அடக்கியாகிவிட்டது. தெருவை எப்படி அடக்குவது? சரியாக எங்கள் ஏழு மணிக்கு அவள் வருவாள். தலையில் அலுமினியத் தட்டு, கன்னம் இரண்டிலும் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, தட்டில் வாழையிலை, அதன்மேல் ஆவி பறக்கிற மஞ்சள் பட்டாணி. ரங்கூன் காலையில் பாதி வீடுகள் அதில்தான் விழிக்கும். சோற்றில் போட்டு எண்ணெய் விட்டுப் பிசைவார்கள், இல்லையென்றால் நான் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். "பே" மேலே போகும், "பியோ" அங்கிருந்து வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சுசீலாவுக்குள் இறங்கிவிட்டாள்.

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டு மறுபடி எப்போது ரேடியோவில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அழிக்கவும் மனசு வரவில்லை.

அடுத்த நாள் தாத்தா ஒரு வேலை செய்தார். அவள் வந்ததும், "தமீ, இங்க வா" என்று கூப்பிட்டு நிறுத்தினார். தமீ என்றால் பர்மியத்தில் மகள். வயதான யாரும் அப்படிக் கூப்பிடலாம். ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டுவந்து வாசலில் வைத்துப் போட்டார். தட்டு தலையிலிருந்து இறங்கவில்லை. அவள் அப்படியே நின்று கேட்டாள். புரியாத பாஷையில் யாரோ பாடுகிறார்கள், இதை எதற்கு எனக்குப் போட்டுக்காட்டுகிறார் இந்தக் கிழவர் என்று முகத்தில் இருந்தது. தன் குரல் வந்த நொடியில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டு ஆடியது, விழவில்லை. "அபோ, மறுபடி போடுங்க" என்றாள். நாலு தடவை போட்டார். அன்று எங்களுக்குப் பட்டாணி இனாம்.

அதன் பலன் என்னவென்றால், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்ற வீடுகளுக்குக் கூவுவதைவிட நீளமாகக் கூவிவிட்டுப் போகத் தொடங்கினாள். டி.எம்.எஸ்., சீர்காழி, ஜானகி, யாரையும் அவள் விட்டுவைக்கவில்லை.

அப்பா அப்போதுதான் தீர்மானித்தார், ஒரு டூ-இன்-ஒன் வாங்கிவிடுவது என்று. ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டிக்குள். வெளியே ஊர்வலமே போனாலும் பாட்டு மட்டும் பதியும். ரயில்வேயில் ஃபிட்டர் வேலை அவருக்கு. ஓவர்டைம் பணத்தை பிஸ்கட் டின்னில் போட்டு வந்தார். 1985-இல் புதிதாக வந்த 75 கியாட் நோட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. கொஞ்சம் நோட்டிலேயே பெரிய தொகை அடங்கிவிடும், டின் நிரம்பாது. அடுத்து 35 கியாட் நோட்டும் வந்தது. 75-லிருந்து 35 போனால் எவ்வளவு, மீதி எப்படிக் கொடுப்பது என்று கடைக்காரர்கள் எல்லாம் கணக்கு வாத்தியார்கள் ஆனார்கள்.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. எனக்கு வயது 11. 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது என்று ரேடியோவில் சொன்னார்கள். மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. தாத்தாவின் அதே ரேடியோதான். அப்பா டின்னைத் திறந்து தரையில் கொட்டி எண்ணினார். செல்லாது என்று தெரிந்த பிறகும் எதற்கு எண்ணினார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எண்ணி, கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மறுபடி டின்னுக்குள் வைத்தார். தாத்தா, "அறுபத்துநாலுலயும் இப்படித்தான், அம்பதும் நூறும் போச்சு" என்றார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

அந்த மாதமே 45, 90 என்று புது நோட்டுகள் வந்தன. ஒன்பதாம் வாய்ப்பாட்டை நான் மனப்பாடம் செய்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, அரிசிக்கடையில்.

டூ-இன்-ஒன் வரவில்லை. பட்டாணிக்காரி நிலைத்துவிட்டாள். அந்தக் கேசட்டின் அட்டை எப்போதோ கிழிந்துபோயிருந்தது. அப்பா ஒரு 75 கியாட் நோட்டை எடுத்து, அளவாக மடித்து, உறைக்குள் செருகி, ஓரத்தில் பேனாவால் "சுசீலா, 2-ம் பக்கம் டி.எம்.எஸ்." என்று எழுதினார். அவர் செய்த ஒரே வேடிக்கை அதுதான் என்று நினைக்கிறேன். வேடிக்கையாகத்தான் செய்தாரா என்றும் சொல்ல முடியாது.

அடுத்த வருஷம் 1988. அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. பள்ளிக்கூடம் நெடுநாள் மூடிக் கிடந்தது. நாங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். கேசட் தேய்ந்தது.

கேசட் விஷயத்தில் இரண்டு வார்த்தை சொல்லாமல் முடியாது, இன்றைய பிள்ளைகளுக்கு இது புராணம். பேட்டரிச் செலவைக் குறைக்க பென்சிலைச் சக்கரத்தில் செருகிச் சுற்றியே பின்னால் ஓட்டுவோம். ஹெட்டில் அழுக்கேறினால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வரும். அம்மாவின் கொலோன் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் வெளியே வந்துவிடும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று. நாடா சுருளாகச் சுற்றி நெடுநாள் கிடந்தால், ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். அதனால் பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால், ரொம்ப மெலிசாக, அதே பாட்டின் முதல் வார்த்தை கேட்கும். பாடப்போகிறவர் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிற மாதிரி. கம்ப்யூட்டரில் எத்தனை ஆயிரம் பாட்டு வைத்திருக்கிறேன், ஒன்றுகூட இப்படி ஒத்திகை பார்ப்பதில்லை.

படங்கள் எங்களுக்குக் காது வழியாகத்தான் முதலில் வந்தன. கதை வசனக் கேசட்டுகள். முழுப் படத்தின் பேச்சும் இரண்டு பக்கத்துக்குள் வெட்டி அடக்கியிருக்கும். கதாநாயகி எப்படி இருப்பாள், கதவு எந்தப் பக்கம் திறக்கும், கத்தியைக் குத்துவது யார், எல்லாம் நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் மண்டைக்குள் ஓடிய படங்களில் கிராமம் என்றால் பெகு, பணக்கார வீடு என்றால் இன்யா ஏரிக்கரை பங்களா, கோயில் என்றால் எங்கள் காளி கோயில். சிவாஜி லோஞ்சி கட்டியிருப்பார். பல வருஷம் கழித்து அதே படங்களைத் திரையில் பார்த்தபோது, எல்லாரையும் தவறான இடத்தில் நிறுத்திவைத்துப் படம் பிடித்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

வீடியோ வந்தபோது அதற்கும் ஒரு வில்லன் உண்டு, கரண்ட். தெருவுக்கு ஒரு வீட்டில் டெக் இருக்கும். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஹாலில் பாய் விரித்து உட்காரவைப்பார்கள். எங்கோ சிங்கப்பூரில் நகலெடுத்து, அதை இன்னொருவர் நகலெடுத்து, நாலாவது கை மாறி வந்த கேசட். எம்.ஜி.ஆர். முகத்தில் மூக்கு தெரியாது, சட்டையின் நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வோம். படம் சூடுபிடிக்கிற இடத்தில் டப்பென்று இருட்டாகும். எங்கள் வீட்டு மொழியில் 'மீ போச்சு'. மீ என்றால் நெருப்பு, விளக்கு, கரண்ட் மூன்றும் பர்மியத்தில் ஒன்றுதான். வரும்போது தெருவே சேர்ந்து "மீ லாபி!" என்று கத்தும். கிழவி, குழந்தை, போலீஸ்காரர், பாகுபாடு கிடையாது. இந்த ஊரில் எல்லாரும் ஒரே குரலில் கத்துகிற வார்த்தை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

வராத ராத்திரிகளில் அத்தை இருந்தாள். மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, நின்ற இடத்திலிருந்து மீதிக் கதையைச் சொல்வாள். அவளும் அந்தப் படத்தைப் பார்த்தது கிடையாது. அது எங்களுக்குத் தெரியாது. "அப்புறம் என்ன ஆச்சு அத்தே?" என்றால் கொஞ்சமும் தயங்கமாட்டாள். வில்லனுக்குக் கண் போகும், அம்மாவுக்குக் கண் வரும், தொலைந்த தம்பி கோயில் வாசலில் கிடைப்பான். அழ வேண்டிய இடத்தில் அவளே முதலில் அழுதுவிடுவாள். இப்படிப் பாதி படமும் பாதி அத்தையுமாக இருபது முப்பது படம் பார்த்திருப்பேன். வி.சி.டி. வந்த காலத்தில் அதில் ஒன்றைத் தேடிப் பிடித்து முழுதாக அவளுக்கே போட்டுக் காட்டினேன். முடிவு வேறு. கதாநாயகன் செத்துப்போனான். அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "எடுத்தவனுக்கு முடிக்கத் தெரியல."

'பராசக்தி'யை மட்டும் சொல்லியாக வேண்டும். 1952 தீபாவளிக்கு வந்த படம், சிவாஜியின் முதல் படம், அதன் அண்ணன் தம்பிகள் ரங்கூன்வாசிகள். எங்கள் ஊர் வருகிற படம்! தெருவே கூடி உட்கார்ந்தது. சூலே பகோடா வரும், ரயில்வே ஸ்டேஷன் வரும் என்று தாத்தா முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டார். ரங்கூன் என்றார்கள். நாங்கள் பார்த்தது பெரும்பாலும் ஒரு வீட்டின் உள்பக்கம். யுத்தம் வந்தது, சிவாஜி கப்பலேறினார். "இது எந்தத் தெரு?" என்று தாத்தா சத்தமாகக் கேட்டார். யாரோ "கோடம்பாக்கம்" என்றார்கள். ஒரே சிரிப்பு. ஆனால் 1942-இல் குண்டு விழுந்தபோது ஊரைவிட்டு ஓடி, நடந்து, திரும்பி வந்தவர் அவர். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

எங்கள் தமிழும் இந்தக் கேசட்டுகளின் தயவுதான். 1960-களின் நடுவில் தனியார் பள்ளிக்கூடங்கள் அரசுடைமையானதோடு தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் போய்விட்டன. எழுத்தை ஞாயிறு மதியம் கோயில் மண்டபத்தில் கற்றுக்கொடுத்தார்கள். பேச்சைச் சிவாஜியும் எஸ்.எஸ்.ஆரும் கற்றுக்கொடுத்தார்கள். இதன் விளைவு 2004-இல் முதல்முதலாகச் சென்னையில் இறங்கியபோதுதான் தெரிந்தது. ஆட்டோக்காரரிடம், "ஐயா, பர்மா பஜார் செல்ல எவ்வளவு கட்டணம் வேண்டும்?" என்றேன். அவர் இறங்கி வந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எந்தப் படம் சார்? ஷூட்டிங் எங்க நடக்குது?"

போய்ச் சேர்ந்தேன். பீச் ஸ்டேஷன் எதிரே வரிசையாகக் கடைகள், ஊரைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பக்கத்தில் வண்டிக்கடையில் அத்தோ சாப்பிட்டேன். எங்கள் ஊரில் 'அதோ' என்றால் பிசைந்தது, கலந்தது என்று பொதுப்பெயர். இஞ்சியில் பண்ணலாம், தேயிலையில் பண்ணலாம், நூடுல்ஸிலும் பண்ணலாம். இங்கே அது நூடுல்ஸ் ஒன்றுக்கே பெயராகி, ஆரஞ்சு நிறமும் ஆகிவிட்டது. நன்றாகவே இருந்தது. கடைக்காரரிடம் ரங்கூன் என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் அம்மா பிறந்தது தாம்வேயாம். "அங்க இன்னும் பே பியோ வருதாண்ணே?" என்று கேட்டார். அவர் ரங்கூனைப் பார்த்ததே இல்லை.

கருவிகள் அப்புறம் மளமளவென்று மாறின. சீனத்து வி.சி.டி. பெட்டி வந்தது. மணிப்பூரின் மோரே எல்லை வழியாகத் தமிழ் வட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் மோரேயில் இருப்பதும் நம் ஆட்கள்தான். பர்மாவிலிருந்து போய், திரும்பி நடந்தே வர முயன்று, வாசற்படியிலேயே தங்கிவிட்டவர்கள். டெலிபோன் மட்டும் ரொம்ப காலம் அசையவில்லை. 1949-இல் வந்த ஒரு இந்திப் படப் பாட்டில் ரங்கூன் போன புருஷன் அங்கிருந்து பெண்டாட்டிக்கு டெலிபோன் செய்கிறான். அதற்கு ஐம்பது வருஷம் கழித்தும் ரங்கூனில் நான் நடைபாதையில் மேசைபோட்டு டெலிபோன் வைத்திருந்த அம்மாவிடம் நிமிஷக் கணக்கில் காசு கொடுத்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். பாட்டில் வருகிறவன் எந்த மேசையில் பேசினானோ. செல்போன் சிம் பல லட்சம் கியாட் விற்றது. 2013 ஏப்ரலில் 1,500 கியாட்டுக்குக் குலுக்கலில் கொடுத்தார்கள், எனக்கு விழவில்லை. அடுத்த வருஷம் வெற்றிலைபாக்குக் கடையிலேயே கிடைத்தது. முதல் போனில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். எத்தனை கட்டம் என்று எண்ணி, நலமா என்று கேட்டிருக்கிறான் என்று நானாக எடுத்துக்கொள்வேன்.

அந்தக் கேசட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

2008 மே 2 ராத்திரி நர்கீஸ் புயல். விடிகிறவரை காற்று. டெல்டாவில் லட்சத்துக்கு மேல் ஜனங்கள் போனார்கள். அதற்கு முன்னால் எங்கள் கூரைத் தகரம் நாலு போனதை ஒரு நஷ்டமாகச் சொல்லவே வாய் கூசும். தகரம் போன இடத்துக்கு நேர்கீழே கேசட் இருந்த டிரங்குப் பெட்டி. காலையில் திறந்தால் முக்கால்வாசி தண்ணீர். கரண்ட் இல்லாத அந்த வாரங்களில் நானும் தங்கச்சியும் உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டாக ஐந்து திருகாணி கழற்றினோம். அறுபது நிமிஷக் கேசட்டுக்குள் கிட்டத்தட்ட 90 மீட்டர் நாடா. கொல்லைக்கும் வாசலுக்குமாகத் துணிக்கொடியில் வளைத்து வளைத்துப் போட்டோம். வெயிலில் பழுப்பு நாடா மினுமினுவென்று காற்றில் படபடத்தது. தெருவில் விழுந்துகிடந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். காய்ந்ததில் பாதி ஒன்றோடொன்று ஒட்டி, உரிக்க உரிக்கத் தூளாகக் கொட்டியது. பதினொன்றுதான் தேறின. 75 கியாட் நோட்டு நனைந்து காய்ந்து அப்பளமாகிவிட்டாலும் அப்பாவின் எழுத்து அழியவில்லை. அப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே போய்விட்டார்.

தேறியதைப் போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை. மாமாவின் ரிக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்படியே கிடந்தது, போன வாரப் பஸ் பயணம் வரைக்கும்.

மறுநாள் அனோரதா சாலை நடைபாதையில் பழைய சாமான் பரப்பிவைத்திருக்கிறவர்களிடம் அலைந்தேன். மூன்றாவது ஆளிடம் இருந்தது, கிட்டத்தட்ட அதே செங்கல். ஓடும் என்றும் சொல்லவில்லை, ஓடாது என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு பேட்டரி போட்டுக் கொலோனுக்குப் பதிலாக மகளின் சானிடைசரால் ஹெட்டைத் துடைத்தேன். இப்போதும் கரண்ட் முறைவைத்துத்தான். இருட்டில், போன் வெளிச்சத்தில், நானும் மனைவியும் மகளும் உட்கார்ந்தோம். பட்டனை அழுத்தினேன்.

பெல்ட் தளர்ந்திருக்க வேண்டும். நாடா நத்தை மாதிரி ஓடியது. சுசீலாவுக்கு ஜலதோஷம் பிடித்து, வயதும் ஏறி, ஆண்குரலும் ஆகிவிட்டிருந்தது. மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பல்லவி முடிந்தது. முதல் சரணம் முடிந்தது. இடையிசையில் வயலின் அழுக்குத் தண்ணீரில் நீந்துகிற மாதிரி வந்தது. இன்னும் சரணமே தொடங்கவில்லை, அதற்குள், "பேஏஏ..."

சரணத்தில் இல்லையா? இடையிசையிலா? நாற்பது வருஷமாக நான்தான் அவளைக் கொண்டுபோய் சுசீலாவின் மூச்சுக்குள் வைத்திருக்கிறேனா?

"யாருப்பா அந்த ஆளு?" என்றாள் மகள்.

"ஆளு இல்ல, பட்டாணி விக்கிறவங்க. பொம்பளை."

"ஆம்பளைக் குரலா இருக்கே."

"இரு இரு, இப்ப நாய் குரைக்கும்" என்று காதை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோனேன்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது. "மீ லாபி!" என்று தெருவே கத்தியது, எங்கள் வீட்டிலும் இரண்டு பேர் கத்தினார்கள். அடுத்த நொடி அக்கம்பக்கத்துத் தண்ணீர் மோட்டார் அத்தனையும் ஒன்றுசேர்ந்து உறுமத் தொடங்கின. நாய் குரைத்ததா, எத்தனை தடவை குரைத்தது, ஒன்றும் கேட்கவில்லை. ரீவைண்டை அழுத்தினேன்.

"அதை அப்புறம் பாருங்க, மொதல்ல மோட்டாரப் போடுங்க. தொட்டி நிறையறதுக்குள்ள மறுபடி போயிடும்" என்றாள் மனைவி.

போய்ப் போட்டேன்.